வெள்ளிவிழா ஒன்றுகூடலில் சி.எம்.இ.: வெளிநாட்டில் பணியாற்றும் நண்பர்களுக்குக் கிரெடிட் கிடைக்குமா, பயன் கிடைக்குமா?

வகுப்புச் செயலர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படித்த எங்கள் பேட்ச், வரும் ஜனவரியில் பொங்கலை ஒட்டி வெள்ளிவிழா ஒன்றுகூடலை நடத்தத் திட்டமிட்டுள்ளது. எங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, வளைகுடா எனப் பல இடங்களில் பணியாற்றுகிறார்கள். மூன்று நாள் நிகழ்ச்சியில் ஒரு முற்பகலையாவது தொடர் மருத்துவக் கல்விக்கு, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் சி.எம்.இ.க்கு, ஒதுக்க வேண்டும் என்று அவர்களில் பலர் வற்புறுத்துகிறார்கள்.

காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கக் கிரெடிட், அதாவது இத்தனை மணிநேரம் கற்றார் என்பதற்கான கணக்கு, தேவைப்படுகிறது. சிலருக்கு நிகழ்ச்சி நிரலைக் காட்டினால்தான் மருத்துவமனையில் ஸ்டடி லீவ் கிடைக்கும். இன்னும் சிலர், படிக்க வைத்த கல்லூரிக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும், தம் துறையில் புதிதாக வந்திருப்பதை இங்குள்ள பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்கிறார்கள். இவை எல்லாம் ஒரே முற்பகலில் அடங்குமா என்பதுதான் என் ஐயம்.

எங்களுக்கு மூத்த பேட்ச் ஒன்றின் விழாவுக்கு நானும் உதவிக்குப் போயிருந்தேன். காலை ஒன்பது மணி முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்து நிமிட உரைகள். ரோபோ அறுவை சிகிச்சை, மரபணு சிகிச்சை, செயற்கை நுண்ணறிவு என்று எதற்கும் குறைவில்லை. தேநீர் இடைவேளை முடிந்து உள்ளே வந்து பார்த்தால், அடுத்துப் பேச வேண்டியவர்களும், வருகைப் பதிவுக்காக அனுப்பப்பட்ட ஹவுஸ் சர்ஜன்களும் மட்டுமே அரங்கில் மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் ஹாஸ்டல் மெஸ் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தியவர்களும் கலந்துகொண்டவர்களும், எந்த நாட்டவருக்கு என்ன சான்றிதழ் தேவைப்படுகிறது, நிகழ்ச்சியை எப்படி அமைத்தால் ஆட்கள் அரங்கிலேயே இருப்பார்கள் என்று தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மிச்சிகன் உள்மருத்துவர் எழுதியது:

அமெரிக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. மிச்சிகனில் மூன்றாண்டுக்கு 150 மணிநேரம், கலிபோர்னியாவில் இரண்டாண்டுக்கு 50 மணிநேரம் என்பன போன்ற கணக்குகள் உள்ளன. மணிநேரத்தின் எண்ணிக்கையைவிட அதன் வகைதான் உங்களுக்குச் சிக்கலைத் தரும். பெரும்பாலான மாநில வாரியங்கள் எதிர்பார்ப்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கேட்டகரி 1 கிரெடிட். அதைத் தரும் தகுதி, சி.எம்.இ. நடத்துவோரை அங்கீகரிக்கும் அமைப்பான ஏ.சி.சி.எம்.இ. அல்லது மாநில மருத்துவச் சங்கம் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குத்தான் உண்டு. முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ ஒன்றுடன் கூட்டாக நடத்துவதுதான் வழக்கம்.

அப்படிக் கூட்டுச் சேர்ந்தால், அந்த நிறுவனம் திட்டமிடும் நாளிலிருந்தே உள்ளே இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு கிரெடிட் வாங்க வழியே இல்லை. ‘கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று அழைப்பிதழில் அச்சிடுவதைக்கூட அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் விதி அனுமதிப்பதில்லை. கிடைத்த பின்புதான் போட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் இதைத் துணிந்து போட்டுவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பேசுபவர்களும் திட்டக்குழுவில் உள்ளவர்களும் கடந்த 24 மாதங்களில் மருந்து, கருவி நிறுவனங்களோடு தமக்கு இருந்த பணத் தொடர்புகளை எழுதித் தர வேண்டும். கிரெடிட்டைக் கோருபவரும், தாம் உண்மையில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு மட்டுமே கோரலாம்.

இவ்வளவு உழைப்பும் கட்டணமும் வட அமெரிக்காவுக்குள் நடக்கும் கூட்டங்களுக்குத் தகும். 1982-இல் தொடங்கிய, ஆப்பி என்று நாங்கள் சொல்லும் இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் சி.எம்.இ. ஓர் அங்கம். கல்லூரிவாரியான சங்கங்கள் பலவும் கோடையில் ஏதாவது ஒரு ஹோட்டலில் வார இறுதியில் கூடும்போது, காலையில் சி.எம்.இ., மாலையில் கலை நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு முற்பகலுக்காக இத்தனை ஏற்பாடும் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த மூன்று நான்கு மணிநேரத்தை இங்குள்ள எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையத்திலேயே முடித்துவிடுவார்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது எல்லா ஒன்றுகூடலிலும் காதோடு காதாகப் பேசப்படுகிறது. வட அமெரிக்கப் பகுதிக்கு வெளியே நடக்கும் மாநாட்டுக்கான செலவைக் கழிக்க வேண்டுமானால், அதை அங்கே நடத்துவதும் இங்கே நடத்துவதற்கு நிகரான நியாயம் உடையது என்று காட்ட வேண்டும். பொங்கல் பார்க்கப் போன பயணத்தில் அரை நாள் உரை கேட்டதற்காக விமானக் கட்டணம் முழுவதையும் கழிக்கலாம் என்று நம்பி யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம். அவரவர் கணக்காளரைக் கேட்டுக்கொள்வது நல்லது.


மகப்பேறு, யார்க்‌ஷயர் எழுதியது:

பிரிட்டனில் நிலைமை நேர்மாறானது. பொது மருத்துவக் கவுன்சில் 2012 டிசம்பரில் தொடங்கிய ரீவேலிடேஷன் முறையில், ஆண்டுதோறும் அப்ரைசல் என்னும் பணி மதிப்பீடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தை உறுதிசெய்தல் என்ற ஏற்பாடு உள்ளது. இத்தனை மணிநேரம் படிக்க வேண்டும் என்று கவுன்சில் எண்ணிக்கை விதிப்பதில்லை. ராயல் கல்லூரிகள்தாம் ஆண்டுக்கு 50, ஐந்தாண்டுக்கு 250 என்ற அளவை வழிகாட்டியாக வைத்துள்ளன. முத்திரை பதித்த சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆனால் என் அப்ரைசர் கேட்கும் கேள்வி வேறு: அங்கே என்ன கேட்டீர்கள், அதனால் உங்கள் பணியில் எதை மாற்றிக்கொண்டீர்கள்? இதற்கு எழுத்தில் விடை இல்லையென்றால் எத்தனை தங்க முலாம் பூசிய சான்றிதழ் கொடுத்தாலும் பெரிய பயனில்லை.

ஆகவே வெளிநாட்டு நண்பர்களுக்காக நீங்கள் செய்யக்கூடிய எளிய உதவி ஒன்று உண்டு. தலைப்பு, தேதி, நேரம், பேசியவர் ஆகிய விவரங்களோடு ஒரு பக்கச் சான்றிதழைக் கொடுத்து, அதன் பின்புறத்தில் நான்கைந்து கோடுகளை விட்டு வையுங்கள். அரங்கைவிட்டு எழுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி அதை அங்கேயே எழுதச் செய்யுங்கள். லண்டன் விமானம் ஏறிய பிறகு யாரும் எழுதப் போவதில்லை.

ஸ்டடி லீவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் கன்சல்டன்ட் எனப்படும் மூத்த நிபுணர்களின் ஒப்பந்தப்படி மூன்றாண்டுக்கு 30 நாள் வரை தொழில்சார் விடுப்பு உண்டு; வெளிநாட்டு நிகழ்ச்சிக்கு அதைத் தருவதும் தராததும் அவரவர் மருத்துவமனையின் முடிவு. மூன்று நாள் விழாவுக்கு யாரும் ஸ்டடி லீவ் தரமாட்டார்கள் என்பதால், கல்விப் பகுதிக்கெனத் தனி நிகழ்ச்சி நிரலைக் கல்லூரி முதல்வர் அலுவலகத்தின் பெயரில் வெளியிடுவது நேர்மையானதும் பயனுள்ளதும் ஆகும். இசைக் கச்சேரியையும் குலுக்கல் பரிசையும் அதே தாளில் போட்டுவிட்டு விடுப்புக்கு அனுப்பியவர்களை நான் அறிவேன்.


மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவர் எழுதியது:

ஆஸ்திரேலியாவில் 2023 ஜனவரி முதல் ஆண்டுக்கு 50 மணிநேரம். அதில் பன்னிரண்டரை மணிநேரம் மட்டுமே உரை கேட்பது, படிப்பது போன்ற கல்விச் செயல்களுக்குக் குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டுள்ளது. குறைந்தது 25 மணிநேரம் நம்முடைய சொந்தப் பணியை மறுபார்வை செய்வதற்கும் அதன் விளைவுகளை அளந்து பார்ப்பதற்கும் போக வேண்டும். சக மருத்துவர்களோடு நம் நோயாளிகளின் விவரங்களை முன்வைத்து விவாதிப்பது இந்த இரண்டாவது பகுதியில் சேரும். எங்களுக்குக் கிடைக்க அரிதானது அதுதான். உரைகள் தேவைக்கு மேல் கிடைக்கின்றன. எனவே எனக்கு ஒரு வாக்கு இருந்தால், மேடையை எடுத்துவிட்டு மேசைகளைப் போடச் சொல்வேன்.


பொது மருத்துவப் பேராசிரியர் எழுதியது:

நான் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பணியாற்றுகிறேன். இத்தகைய விழாக்களை வரவேற்கும் பக்கத்தில் பல முறை நின்றிருக்கிறேன். உள்ளூரில் இருக்கும் உங்கள் வகுப்பு நண்பர்களை யாரும் இதுவரை குறிப்பிடவில்லை. அவர்களுக்கும் கிரெடிட் தேவை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளிலேயே ஐந்தாண்டுக்கு 30 மணிநேரம் என்று சொல்லப்பட்டுள்ளது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க அந்தக் கிரெடிட் பாயிண்டுகளைக் காட்ட வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி நிரலையும் பேச்சாளர்களின் விவரங்களையும் இணைத்துக் கவுன்சிலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியின் ஒரு துறை பெயரில் விண்ணப்பம் போனால் வேலை எளிது. இதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

இனி உள்ளடக்கத்துக்கு வருகிறேன். மேடையில் வெளிநாட்டவர், கீழே உள்ளூர்க்காரர் என்று இருக்கைகள் அமைந்துவிட்டால் அந்த முற்பகல் பாழ் என்பது என் கருத்து. கோடிக்கணக்கில் விலை வைத்த ஒரு கருவியைப் பற்றிப் படம் போட்டுக் காட்டும்போது, எங்கள் பட்டமேற்படிப்பு மாணவர் மரியாதையாகத் தலையசைப்பார். அடுத்த நாள் அவருடைய வார்டில் எதுவும் மாறாது. வந்தவர்கள் பார்க்க வாய்ப்பில்லாத பல நோய்களையும் முறைகளையும் அன்றாடம் கையாளும் மருத்துவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதும் அந்த அமைப்பில் மறைந்துவிடுகிறது.

ஒரு வகைச் சிற்றுண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரக் காய்ச்சல், மூச்சுத்திணறல், குறைந்துவரும் பிளேட்லெட் எண்ணிக்கையோடு ஒரு விவசாயத் தொழிலாளி வருகிறார். நியூ ஜெர்சியிலோ லீட்ஸிலோ இருக்கும் நம் நண்பர் செப்சிஸ், அதாவது கடுமையான கிருமித்தொற்று, என்று ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்கி ஸ்கேனுக்கு அனுப்புவார். அவர் தொடங்கும் மருந்துகளில் இந்நோய்க்கு உரிய டாக்ஸிசைக்ளின் இல்லாமல் போக நிறைய வாய்ப்புண்டு. இங்குள்ள உதவிப் பேராசிரியரோ, அக்குளையும் கவட்டையையும் மார்பின் கீழ் மடிப்பையும் விளக்குப் பிடித்துப் பார்ப்பார். சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியில்லாத கருநிறப் பொருக்கு அங்கே இருக்கும். கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சிரை வழியாகச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்று காட்டிய ஆய்வு, வேலூர் சி.எம்.சி.யின் முன்னெடுப்பில் இந்திய மருத்துவமனைகளில் நடந்து, 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பிய குடும்பங்களை வெளிநாட்டு அவசரப் பிரிவில் பார்க்கும் மருத்துவருக்கு இது வெறும் ஊர்க்கதை ஆகாது.

மாரடைப்பு வந்தவரைச் சிறிய மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் உள்ள மையத்துக்கு அனுப்பும் தமிழ்நாட்டு ஸ்டெமி திட்டத்தின் முடிவுகள் 2017-இல் ஜாமா கார்டியாலஜியில் வந்தன. காசநோயாளிகளில் யார் இறக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்பதை, நோய் கண்டறிந்தவுடனேயே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, கால் வீக்கம், மூச்சு, எழுந்து நிற்கும் திறன் போன்ற எளிய அளவைகளைக் கொண்டே பிரித்து, உள்நோயாளியாகச் சேர்க்கும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ 2022 ஏப்ரலில் தொடங்கியது. குறைந்த வசதியில் பெரிய எண்ணிக்கையைக் கையாளும் இந்த முறைகளை, இவற்றில் நேரடியாக வேலை செய்த உங்கள் வகுப்பு நண்பர் ஒருவரே விளக்கினால் வெளிநாட்டவர் எழுந்து போகமாட்டார்கள். நான் பார்த்தவரை அப்போதுதான் அவர்கள் கேள்வி கேட்கவே தொடங்குகிறார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களிடம் எங்களுக்கு வேண்டியதும் உண்டு. ஒரு நோயாளி எதிர்பாராமல் இறந்தபின் அந்தத் துறை உட்கார்ந்து எப்படிப் பேசுகிறது, தவறு நடந்தால் குடும்பத்திடம் யார் எந்தச் சொற்களில் சொல்கிறார், ஒரு ஜூனியர் தன் கன்சல்டன்ட்டின் முடிவை எப்படி மறுத்துப் பேச முடிகிறது என்பனவற்றைப் புத்தகத்தில் படித்தால் விளங்காது. நம் கல்லூரியில் நம்மைப் போலவே பயந்து நின்று பழகிய ஒருவர், அங்கே போய் அதை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று தமிழில் சொன்னால் விளங்கும்.


எலும்பு முறிவு, கோவை எழுதியது:

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். இருபத்தைந்து ஆண்டு கழித்துச் சந்திப்பவர்களை எதற்காக ஏ.சி. அரங்கில் அடைக்க வேண்டும்? கிரெடிட் தேவைப்படுபவருக்கு ஆயிரம் வழிகள் உள்ளன. கல்லூரிக்கு உதவ விரும்புபவர் ஒரு மாதம் விடுப்பெடுத்து வந்து வார்டில் மாணவர்களோடு நிற்கலாம். அரை மணி நேர உரை உதவியாகாது. பல விழாக்களில் சி.எம்.இ. என்பது ஸ்பான்சர் பணத்தை வாங்குவதற்கான சாக்காகவே இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். நம் வயதில் நம்முள் சிலருக்கே ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கே மூன்று நாள் போதாது.


மகப்பேறு, யார்க்‌ஷயர் எழுதியது:

கோவை நண்பரின் கோபத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் சொல்லும் அந்த ‘உட்கார்ந்து பேசுதல்’ மருத்துவத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம் அல்லவா? பேராசிரியர் சொன்னதையும் மெல்பர்ன் நண்பர் சொன்னதையும் சேர்த்து என் துறையிலிருந்து ஒரு மாதிரியைத் தருகிறேன்.

எட்டுப் பேர் கொண்ட மேசை. ஒவ்வொரு மேசையிலும் பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் வெளிநாடு. ஒரு தாளில் இவ்வளவுதான் இருக்கும்: இருபத்தெட்டு வயது, முதல் கர்ப்பம், 24 வாரம், எடை இயல்பு, அவரைப் பெற்ற தாய்க்குச் சர்க்கரை நோய் உண்டு. இவர் திங்கட்கிழமை காலை உங்கள் ஓ.பி.க்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

தமிழ்நாட்டு மருத்துவர் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதையே இவருக்கும் செய்வார்: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா அவர்களின் உழைப்பால் வேரூன்றி, பின்பு தேசிய வழிகாட்டுதலாகவே ஆன முறை இது. பிரிட்டனில் நான் எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. அபாயக் காரணிகள் உள்ளவர்களுக்கு மட்டுமே, அதுவும் வெறும் வயிற்றில். இந்தப் பெண்ணுக்குத் தாயின் நோயும் தெற்காசியப் பூர்வீகமும் காரணிகளாக இருப்பதால் செய்வேன். அங்கே வெறும் வயிற்று அளவுக்கு 5.6, இரண்டு மணி நேர அளவுக்கு 7.8 மில்லிமோல் என்பவை எல்லைகள், இந்த 7.8-உம் உங்கள் 140-உம் ஒன்றே. அமெரிக்க நண்பர் பெரும்பாலும் முதலில் 50 கிராம் கொடுத்து ஒரு மணி நேர அளவைப் பார்ப்பார். அது கூடுதலாக இருந்தால் மட்டும் வேறொரு நாள் 100 கிராம் கொடுத்து மூன்று மணி நேரச் சோதனைக்கு உட்காரவைப்பார்.

ஒரே கல்லூரியில், ஒரே ஆசிரியரிடம் மகப்பேறு படித்த மூவர், ஒரே பெண்ணை மூன்று வழியில் பரிசோதிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் விவாதம் தானாகக் கிளம்பும். இரண்டு பேருந்து மாறி, காலையில் கஞ்சி குடித்துவிட்டு வரும் பெண்ணை வெறும் வயிற்றில் இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்பினால் அவர் வரமாட்டார் என்பதை உள்ளூர் மருத்துவர் சொல்வார். வெறும் வயிற்று அளவு மட்டும் உயர்ந்திருக்கும் பெண்களை இந்த ஒற்றைச் சோதனை தவறவிடாதா என்று நான் கேட்பேன். இதற்கு முக்கால் மணி நேரம் போதாது. இது உரையாகவும் ஆகாது, வேப்பமரத்தடிப் பேச்சிலிருந்து வெகுதூரம் விலகிப் போகவும் செய்யாது.


வகுப்புச் செயலர் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மேசை விவாத முறையைக் குழுவில் முன்வைத்தேன், பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். மேடையில் பேசத் தயாராக ஸ்லைடு முடித்து வைத்திருந்த இருவருக்கு மட்டும் சற்று வருத்தம்.

இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும். எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியுள்ளார். அரங்கு, உணவுச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும், தம் கருவியைப் பற்றி இருபது நிமிடம் பேச விரும்புவதாகவும் சொல்கிறார். இன்னொருவர் அறுவை சிகிச்சை நிபுணர். இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நம் கல்லூரித் தியேட்டரில் ஓர் அறுவை சிகிச்சையைச் செய்து காட்டி அரங்கில் நேரலையாகக் காட்டலாம் என்கிறார். நட்பு கெடாமல் எப்படி முடிவெடுப்பது?


மிச்சிகன் உள்மருத்துவர் எழுதியது:

முதல் நண்பரின் பணத்தை வகுப்பு நண்பராக அவர் தரும் பங்கென்று விருந்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கல்விப் பகுதிக்கு வாங்காதீர்கள், அதில் அவரைப் பேசவும் விடாதீர்கள். அமெரிக்க கிரெடிட் விதிகளின்படி, இத்தகைய நிறுவனத்தின் உரிமையாளர் தம் தொழிலோடு தொடர்புடைய பாடத்தைப் பேசுவதற்கே அனுமதி இல்லை. கல்வி நடக்கும் அரங்குக்குள் நிகழ்ச்சிக்கு 30 நிமிடம் முன்னும் பின்னும் விற்பனை விளம்பரம் கூடாது. நீங்கள் அந்தக் கிரெடிட்டைக் கோரவில்லை என்றாலும் இது பின்பற்றத் தக்க எல்லை. அவரிடம், ‘உன்னை மட்டும் விலக்கவில்லை, எல்லோரிடமும் எழுதி வாங்குகிறோம்’ என்று சொல்லும்படி, பேசும் ஒவ்வொருவரிடமும் ஒரே உறுதிமொழிப் படிவத்தை வாங்கிவிடுங்கள். மாலை விருந்தின்போது வெளிக்கூடத்தில் அவர் தம் கருவியை ஒரு மேசைமேல் வைத்துக்கொள்ளட்டும். ஆர்வமுள்ளவர்கள் போய்ப் பார்ப்பார்கள்.


பொது மருத்துவப் பேராசிரியர் எழுதியது:

இந்தியப் பக்கத்து விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-இல் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளில் செய்த திருத்தத்தின்படி, மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணம், தங்கும் வசதி போன்றவற்றை மருத்துவர் ஏற்கக் கூடாது. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடைமுறைக்கான சீரான நெறிமுறை, நிறுவனங்கள் சி.எம்.இ.க்கு உதவலாம் என்று இடம் தந்தாலும், செலவைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் வெளிநாட்டில் அவற்றை நடத்தக் கூடாது என்றும் சொல்கிறது. என் அனுபவத்தில், தலைக்கு ஒரு தொகை என்று பேட்ச் நண்பர்களே போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அரை நாள் மேசை விவாதத்துக்குத் தாளும் தேநீரும் மதியச் சாப்பாடும்தான் செலவு.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உரையாற்றுவது வேறு, நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்வது வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கே சிகிச்சை செய்ய வேண்டுமானால், 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி தற்காலிகப் பதிவுக்கு அனுமதி பெற வேண்டும். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், பழக்கமில்லாத தியேட்டரில், அறிமுகமில்லாத குழுவோடு, நண்பர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் கத்தியெடுப்பது நோயாளிக்கு நல்லதன்று; மூன்றாம் நாள் தையலில் சீழ் வைத்தால் அவர் அட்லாண்டாவில் இருப்பார், நாங்கள் இங்கே இருப்போம். அவர் செய்த அறுவை சிகிச்சையின் பழைய காணொளியை, எங்கே கை தயங்கியது, ஏன் திட்டத்தை மாற்றினார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு நேரலையைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

இடம் இருந்தால் இரண்டாவது மேசை விவாதத்துக்கு ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் அனைவரும், ஊரில் உள்ள பெற்றோர் ஐ.சி.யூ.வில் சேர்க்கப்பட்ட இரவில், இங்குள்ள வகுப்பு நண்பரைத் தொலைபேசியில் எழுப்பியவர்கள்தாம், அல்லது எழுப்பப் போகிறவர்கள். மகன் டல்லாஸிலிருந்து வென்டிலேட்டர் அமைப்புகளைக் கேட்கிறார். மகள் பர்மிங்ஹாமிலிருந்து இனித் துன்புறுத்த வேண்டாம் என்கிறார். அருகில் இருக்கும் தம்பி மருத்துவர் அல்லர், கையெழுத்து அவருடையது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, மாஜிஸ்திரேட்டுக்குப் பதிலாக நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சான்று பெற்றால் போதும் என்றது. சிகிச்சையை விலக்குவது குறித்து மருத்துவமனையின் முதன்மைக் குழுவும், அதை உறுதிசெய்யும் இரண்டாம் குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதை எழுதி வைத்த பெற்றோரை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். மருத்துவர்களின் பெற்றோரும் அதில் அடக்கம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதே உரையாடலை அன்றாடம் நடத்துபவர்கள், தம் சொந்தத் தந்தையிடம் அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.


எலும்பு முறிவு, கோவை எழுதியது:

இதற்கானால் நான் அரங்குக்குள் வருகிறேன். இந்தப் பகுதிக்குத் துணைவர்களையும் அனுமதியுங்கள். பாதி முடிவுகள் அவர்கள் கையில்தான் உள்ளன. மேசைகளில் விவாதிக்கப்படும் நோயாளிகளின் படங்களையும் ஸ்கேன்களையும் பெயரோடு பேட்ச் வாட்ஸாப் குழுவில் யாரும் ஏற்ற வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். போன முறை ஒரு விழாவில் அரை மணி நேரத்துக்குள் அது மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது.


வகுப்புச் செயலர் எழுதியது:

குறித்துக்கொண்டேன். கவுன்சிலுக்கான விண்ணப்பத்தைப் பொது மருத்துவத் துறை பெயரில் அனுப்பத் துறைத் தலைவர் இசைந்துள்ளார். முற்பகலில் மகப்பேறு மேசையும் ஸ்க்ரப் டைபஸ் மேசையும், தேநீருக்குப் பிறகு பெற்றோர் குறித்த விவாதமும் என்று வைத்திருக்கிறோம். அறுவை சிகிச்சை நண்பர் காணொளிக்கு ஒப்புக்கொண்டார். யார்க்‌ஷயர் மேடம், அந்த ஒரு பக்கக் கர்ப்பிணித் தாளை எங்களுக்கு அனுப்பி வைக்க இயலுமா?


மகப்பேறு, யார்க்‌ஷயர் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். விடைகளை அதில் எழுத மாட்டேன்; மேசையில் யாரும் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது.